வாடகைக்கு இருப்பவரின் வக்கீல் என்ன வேலை செய்கிறார்?

அந்த மாதிரி போன் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் வரும். "சார், வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா வீட்டுக்கு வேற பூட்டு தொங்குது. சாமான் எல்லாம் உள்ளேயே இருக்கு. ஓனர் போனை எடுக்க மாட்டேங்கறார்." ஏன் சனிக்கிழமை என்றால், மறுநாள் கோர்ட் கிடையாது. திங்கள் காலை பத்தரை வரை எங்கேயும் போய் நிற்க முடியாது. பூட்டுப் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

வாடகைதாரர் பக்கம் ஆஜராகிறேன் என்று சொன்னால், "ஓ, காலி பண்ணாம இழுத்தடிக்கிற வேலையா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சொந்தக்காரர்களிலேயே உண்டு. அவர்களில் பாதிப் பேர் வீட்டு ஓனர்கள், அதனால் கோபப்படுவதற்கில்லை. ஆனால் வேலை அதுவல்ல. அது என்ன என்று, சட்டம் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், வாடகை வீட்டில் இருந்துகொண்டு வக்கீலைப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து, அதிலும் பெரும்பாலும் சென்னையை வைத்து.

ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஒரு வீட்டில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று உரிமை, மற்றொன்று சுவாதீனம். பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு உரிமை. சாவி யார் கையில் இருக்கிறதோ, யார் உள்ளே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறாரோ அவருக்குச் சுவாதீனம். வீட்டை வாடகைக்கு விடுவது என்றால் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சுவாதீனத்தை மட்டும் இன்னொருவருக்குக் கொடுப்பது. கொடுத்ததைத் திரும்ப வாங்க ஓனருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கோர்ட் வழியாகத்தான் வாங்க வேண்டும். தன் வீடுதானே என்று தானே பூட்டை உடைத்து வாங்க முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோயிருந்தாலும், வாடகை பாக்கி இருந்தாலும்கூட இதுதான் நிலை. அமைதியாகச் சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலும் 2004இலும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

சரி, சனிக்கிழமை பூட்டுக்கு வருவோம். முதலில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." பாதி உண்மைதான். வாடகை எவ்வளவு, யார் யாருக்குப் பாக்கி என்பது சிவில். ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை எடுத்து வெளியே போட்டால் அது அத்துமீறல், குற்றம். அதனால் புகாரை எழுதிக் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள் என்று சொல்வேன். அந்தத் துண்டுச் சீட்டு அன்றைக்கு வீட்டைத் திறந்து கொடுக்காமல் போகலாம். ஆனால் திங்கட்கிழமை நீதிபதி முன்னால், "இந்தத் தேதி வரை இவர் உள்ளே இருந்தார், இந்தத் தேதியில் வெளியே தள்ளப்பட்டார்" என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பல சமயம் ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதுமே பூட்டு திறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

திறக்கவில்லை என்றால் 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் 6ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதம் இல்லாமல், சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த வழக்கின் அழகு, ஓனர் பத்திரத்தைக் காட்டி "வீடு என்னுது" என்று சொன்னாலும் அது பதிலாகாது என்பதுதான். நேற்று யார் உள்ளே இருந்தார், அவரை எப்படி வெளியேற்றினீர்கள் என்ற கேள்வி மட்டும்தான் அங்கே. ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும். "கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்று ஏழாவது மாதம் வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

இன்னும் பூட்டவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்கலாம். கோர்ட் கொடுக்கும் உத்தரவில் பெரும்பாலும் 'சட்டப்படி அன்றி' என்ற சொற்கள் இருக்கும். சட்டப்படி அன்றி வெளியேற்றக் கூடாது, அவ்வளவுதான். சட்டப்படி வெளியேற்றும் கதவு ஓனருக்குத் திறந்தே இருக்கிறது. கட்சிக்காரருக்கு முதல் நாளே இதைப் புரியவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தடை உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டையே வாங்கிவிட்ட மாதிரி நடந்துகொள்வார்கள்.

அப்படி நினைப்பதற்குக் காரணமான ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க உலவுகிறது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தால் வீடு நமக்கே சொந்தம். இதனால்தான் சில ஓனர்கள் பதினோராவது வருஷம் வந்தாலே பயந்துபோய்க் காலி பண்ணச் சொல்கிறார்கள். இரண்டு தரப்புமே தப்பாக நினைக்கிறது. காலவரையறைச் சட்டத்தில் 12 ஆண்டுக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது உண்மையான உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதி இல்லாமல், ஊரறிய அனுபவித்தவருக்கு. வாடகைக்கு இருப்பவர் ஓனரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். முப்பது வருஷம் இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். இதே வரிசையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஓனரின் பத்திரத்தில் ஏதோ கோளாறு என்று யாரோ சொல்லக் கேட்டு, "நீ ஓனரே இல்ல, உனக்கு எதுக்கு வாடகை?" என்று ஆரம்பிப்பது. யாரிடமிருந்து சாவி வாங்கி உள்ளே போனோமோ, அவருடைய உரிமையை உள்ளே இருந்துகொண்டே மறுக்கக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தில் பழைய காலத்திலிருந்தே இருக்கும் விதி. இந்த வாதத்தை யாராவது புது வக்கீல் எழுத்தில் போட்டுவிட்டால், அப்புறம் வரும் சீனியர் அதைச் சரிசெய்யவே பாதி வழக்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இப்போது சட்டத்தின் கதை, கொஞ்சம் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சென்னையில் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்ததும் 1946இல் ஒரு சட்டம், 1949இல் ஒன்று, கடைசியாக 1960இல் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். தற்காலிக ஏற்பாடாக ஆரம்பித்தது எண்பது வருஷத்துக்குப் பக்கமாக ஓடிவிட்டது. அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அக்ரிமெண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு இருந்தது. வேண்டுமென்றே வாடகை கொடுக்காமல் இருந்தார், சொந்த உபயோகத்துக்குத் தேவை, இடித்துக் கட்டப் போகிறேன் என்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை ஓனர் நிரூபித்தால்தான் வெளியேற்ற முடியும். வழக்குகள் அப்பா காலத்தில் தொடங்கிப் பிள்ளை காலம் வரை நடந்தன. பாரிமுனைப் பக்கம் சில கடைகளின் வாடகையைக் கேட்டால் இன்றைக்கு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட்ட பில் மாதிரி இருக்கும். ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வாடகையில் வாழ்ந்த விதவைகளும் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். வாடகைதாரர் வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுப் புதியது வந்தது. பெயர் நீளமானது: தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. இதன் அடிப்படை எண்ணமே வேறு. இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் எழுதிய வாடகைதான் வாடகை, எழுதிய காலம்தான் காலம். எழுதிய காலம் முடியும் வரை சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. முடிந்த பிறகு புதுப்பிக்காமல் அப்படியே இருந்தால் மாதாமாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்கு மேல் இருப்பவர் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசும் அந்த மேஜையை நான் இன்னும் பார்க்கவில்லை. புரோக்கர் நீட்டும் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கும். படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால், "பின்னாடி மூணு பேர் லைன்ல இருக்காங்க சார்" என்பார்.

புதிய சட்டத்தில் வாடகைதாரரைத் தூக்கி அடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்கள், குறிப்பிட்ட கெடுவுக்குள் எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். முதலில் 90 நாள் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். போடவில்லை என்றால்? அதுவே வெளியேற்றுவதற்கான ஒரு காரணம், 21ஆம் பிரிவின் பட்டியலில் முதல் காரணம். ஏன் போடவில்லை, யார் மறுத்தது என்று அந்த வரி கேட்பதே இல்லை. "உரிமையாளரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் செய்யத் தவறினால்" என்பதோடு முடிந்துவிடுகிறது. இருபது வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒழுங்காக வாடகை கொடுத்தவருக்கு ஒரு நாள் இந்தக் காரணத்தோடு நோட்டீஸ் வரும். ஒரு பாக்கி இல்லை, ஒரு சண்டை இல்லை. இதில் வக்கீல் செய்யக்கூடியது மிகக் குறைவு, பெரும்பாலும் நாள் வாங்கித் தருவதுதான். சட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

ஆகவே ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "என்ன நடந்தது?" இல்லை. "என்ன தாள் இருக்கிறது?" என்பதுதான். அக்ரிமெண்ட். அது புதிய சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானால் ஒரு எண் கிடைக்கும். இங்கே நிறைய குழப்பம் நடக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஊரெல்லாம் பதினொரு மாத அக்ரிமெண்ட். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது என்பது தனி. அது பதினொரு மாதத்துக்கும் உண்டு. பதினொரு மாதம்தானே, பதிவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் இருக்கும். பிறகு அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக நீட்டும்போது, பதிவாகாததை ஏற்க முடியாது என்ற ஆட்சேபணை வந்து நிற்கும்.

அப்புறம் ரசீது. இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் வாடகை வழக்குகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. காலி செய்ய வைக்க ஓனருக்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்யக்கூடிய எளிமையான காரியம், வாடகையை வாங்காமல் இருப்பது. "அப்புறம் வாங்கிக்கறேம்மா" என்று இரண்டு மாதம் தள்ளிவிட்டு, மூன்றாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் 'இரண்டு மாத பாக்கி' என்ற காரணம் தயார். நல்ல மனசோடு சும்மா இருந்தவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். முதல் மாதம் மறுத்த அன்றே வங்கிக் கணக்குக்கோ ஜிபேயிலோ அனுப்பிவிட வேண்டும். "எனக்கு கேஷ்தான் வேணும், போன்ல அனுப்பாதீங்க" என்று சொல்லியிருந்தாலும் அனுப்ப வேண்டும், 'இந்த மாத வாடகை' என்று குறிப்பு எழுதி. அந்தக் காலத்தில் இதையே தபால் மணியார்டர் செய்தது. "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பிய மணியார்டர் படிவங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவ்வளவு பலமான ஆதாரத்தை எந்தச் சீனியரும் வாதத்தில் உருவாக்கிவிட முடியாது. இப்போதைய சட்டத்திலும், ஓனர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யும் வழி இருக்கிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி. அவர் நீதிபதி அல்ல. வெளியேற்றும் வழக்கு அவரிடம் போகாது, அது வாடகை நீதிமன்றத்துக்கு. அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம்.

உண்மையிலேயே பாக்கி இருந்தால்? அப்போதும் பயப்பட வேண்டாம். கேட்பு நோட்டீஸ் கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். நோட்டீஸைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் இந்த ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. மறுத்துத் திரும்பினால் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தண்ணீர், கரண்ட் விஷயம் வேறு மாதிரி. வழக்குப் போட்டுக் காலி செய்ய வைப்பது மெதுவான வேலை என்பதால் மோட்டார் சுவிட்ச் இருக்கும் அறையைப் பூட்டிக்கொள்வது ஒரு பழைய உத்தி. மூன்றாவது மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவர் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்குவார்? தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவறை என்று அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்று புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடிவதற்கு முன்பே இடைக்கால உத்தரவாகத் திரும்பக் கொடுக்கச் சொல்ல முடியும். புது வக்கீல்கள் இந்த வழியை அதிகம் பயன்படுத்துவதில்லை. கோர்ட் வாசலையே பார்த்துப் பழகிவிட்டதால் தாலுகா, வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகப் பக்கம் போக மனசு வருவதில்லை.

அட்வான்ஸ் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அந்த வாக்கியம் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அதனால் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் சாவகாசமாக உயிரோடு இருக்கிறது. அதைவிட உபயோகமானது அடுத்த பகுதி: காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வது என்பது ஊர் வழக்கம்தான். அது அக்ரிமெண்டில் எழுதியிருந்தால் பேச ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்தால் பேசலாம். நான் நடத்திய அட்வான்ஸ் தகராறுகளில் அனேகமாக எல்லாவற்றிலும் குடிவந்த அன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்று இருந்திருந்தால் சண்டையே இருந்திருக்காது. சுவரில் ஏற்கெனவே இருந்த ஓதம், உடைந்த வாஷ்பேசின், மீட்டர் ரீடிங், ஐந்து நிமிஷ வேலை.

இதுவரை சொன்னது கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு. ஆனால் வாடகைதாரர் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரே சட்டத்துக்குள் வரமாட்டார்கள். எந்தப் பெட்டியில் இவர் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் நிஜமான சாமர்த்தியம் என்பேன்.

வட சென்னையில் ஒரு அம்மா வந்து, "வீடு எங்க மாமனார் கட்டினது தம்பி, ஆனா மாசாமாசம் தரை வாடகை கட்டறோம்" என்றால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். மண் ஒருவருடையது, மேலே இருக்கும் கட்டடம் இவர்களுடையது. இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921. பழைய மனைக் குடியிருப்புகளுக்கு, காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு ஈடு கேட்கும் உரிமை உண்டு. அதைவிடப் பெரியது 9ஆம் பிரிவு. அதன்படி, தேவையான அளவு மனையைத் தனக்கே விற்கும்படி உத்தரவிடக் கோர்ட்டைக் கேட்கலாம். சம்மன் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்ட வக்கீலைக் கட்சிக்காரரின் பேரப்பிள்ளைகள்கூட மறக்கமாட்டார்கள். அந்த அம்மாவிடம் அடுத்த கேள்வி, தரை வாடகை யாருக்கு? "கோயிலுக்கு" என்றால் கதை மாறிவிடும். கோயில் நிலங்களை 1996இல் வந்த திருத்தம் அந்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. கோயில் இடத்தில் இருப்பவர்கள் அறநிலையத் துறைச் சட்டத்தின் நடைமுறைக்குள் போகிறார்கள், அது வேறு உலகம்.

குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்த இடமா என்றும் கேட்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தில் 29ஆம் பிரிவுப்படி, அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கும் வாடகைதாரரை வெளியேற்ற வழக்குப் போடுவதற்கே அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஓனருக்கும் தெரியாது, வாடகைதாரருக்கும் தெரியாது, சில சமயம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியாது.

லீசுக்கு இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். மாத வாடகை இல்லாமல் ஆறு லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கும் ஏற்பாடு. கிராமத்தில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். இதில் பயம் ஓனர் மேல் இல்லை, ஓனரின் கடன் மேல். அந்த வீட்டை அவர் வங்கியில் அடமானம் வைத்திருந்து தவணை கட்டாமல் போனால், ஒரு காலையில் கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலேயே வங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கலாம். குடியிருப்பவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போய் முறையிடலாம், ஆனால் அடமானத்துக்கு முந்தைய, பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் அங்கே குரல் எடுபடும். இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதிய லீஸ் ஒப்பந்தத்தோடு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டும். லீசுக்குப் போவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள் என்று நான் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோர்ட்டுக்குள் இந்த வேலை எப்படி இருக்கும்? சென்னையில் வாடகை வழக்கு என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். சினிமாவில் வருகிற வாதம் எதுவும் கிடையாது. பிரமாண வாக்குமூலம், எதிருரை, ஆவணங்கள், குறுக்கு விசாரணை. குறுக்கு விசாரணையில் நான் அதிகம் கேட்பது ஓனரின் 'சொந்தத் தேவை' பற்றி. மகனுக்குக் கல்யாணம், அதனால் வீடு வேண்டும் என்பார். மகன் எங்கே வேலை பார்க்கிறார்? வெளிநாடு என்றால் எப்போது வரப்போகிறார்? இதே தெருவில் காலியாக இன்னொரு போர்ஷன் இருக்கிறதே, அது? சில சமயம் பதில் நேர்மையாக இருக்கும், தேவை உண்மையாக இருக்கும். அப்போது கட்சிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "இது நிற்காது, பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்வேன்.

பேசி முடிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பள்ளிக்கூட வருஷம் ஏப்ரலில் முடியும் வரை கெடு, அந்த மாதங்களுக்கு வாடகை பழையபடி, அட்வான்ஸ் முழுவதும் சாவி கொடுக்கும் அன்றே, போகிற செலவுக்குக் கொஞ்சம். இதை ஒப்பந்தமாக எழுதிக் கோர்ட்டில் பதிந்துகொண்டால் இரண்டு தரப்புக்கும், கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் நடு வருஷத்தில் பள்ளி மாறாமல் இருந்தது என்பதைத் தீர்ப்புத் திரட்டில் யாரும் அச்சிடமாட்டார்கள். ஆனால் நான் ஜெயித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்குகளில் பல அப்படிப்பட்டவை.

இந்த வேலைக்கு வர என்ன வேண்டும் என்றால், மற்ற எல்லா வக்கீலுக்கும் வேண்டியதுதான். ஐந்து வருஷமோ மூன்று வருஷமோ சட்டப் படிப்பு, பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பலருக்கு அது பெரிய உதவி. அதன்பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியர். வாடகைதாரர் பக்கம் மட்டும் ஆஜராவேன் என்று ஆரம்பத்தில் யாரும் பிழைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓனர் பக்கமும் சில வருஷம் வேலை செய்யுங்கள். நோட்டீஸை எப்படி எழுதினால் ஓட்டை விழாது என்று அங்கே கற்றுக்கொண்டால்தான், வருகிற நோட்டீஸில் ஓட்டை எங்கே என்று தெரியும்.

பணம் குறைவு. அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக் கொடுத்தால் அதில் பாதி எனக்கு என்று பேசிக்கொள்ளவும் கூடாது, வழக்கின் பலனில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி தவறு. பணம் கொடுக்க முடியாதவர்களை நான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று சொல்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் உண்டு என்பது நிறைய பேருக்குத் தெரியாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். அதனால் குடும்பத்தில் யார் பேரில் அக்ரிமெண்ட் போடலாம் என்று யோசிக்கும்போது, அம்மா பேரிலோ மனைவி பேரிலோ போடுங்கள் என்று நான் சொல்வதில் பாசம் மட்டும் காரணம் இல்லை.

ஒரு வழக்கு முடிந்து, கெடுவும் முடிந்து, வேன் வந்து சாமான் ஏற்றும் நாளில் கட்சிக்காரருக்குக் கடைசியாக ஒரு போன் செய்வேன். மீட்டரைப் போட்டோ எடுங்கள். கடைசி கரண்ட் பில்லைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையையும் காலியாக ஒரு வீடியோ. அப்புறம் ஓனர் கையில் சாவியைக் கொடுக்கும்போது, ஒரு வெள்ளைத் தாளில் "இன்று வீட்டுச் சாவியும் சுவாதீனமும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் எழுத மாட்டேன் என்றால் சாவியைக் கொடுக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்யுங்கள்.